நஞ்சராயன் குளத்துக்கு ஐப்பசியில் மிதிவண்டிப் பயணம்: மழைக்காலத்தில் நாள் குறிக்கலாமா?

பனியன்நூல் (திருப்பூர்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மிதிவண்டி ஓட்டும் சிறு கூட்டம் ஒன்றைச் சேர்ந்தவன் நான். பின்னலாடை நிறுவனங்களில் கணக்கு எழுதுபவர்கள், இரண்டு ஆசிரியைகள், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், பள்ளிப் பிள்ளைகள் என்று பதினைந்து பேரில் தொடங்கியது, இப்போது நாற்பது பேரைத் தொட்டிருக்கிறது. கட்டணம் இல்லை, பதக்கம் இல்லை, அச்சடித்த பனியனும் இல்லை (திருப்பூரில் இருந்துகொண்டு இதைச் சொல்வது வேடிக்கைதான்).

இந்த ஆண்டு ஊர் மக்களையும் சேர்த்துக்கொண்டு, ஊத்துக்குளி சாலை வழியாக நஞ்சராயன் குளம் வரை போய்வரலாம் என்று எண்ணுகிறோம். நாங்கள் புறப்படும் இடத்திலிருந்து போக வர 22 கிலோமீட்டர் வரும். 2024 ஆகஸ்டில் அந்தக் குளம் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சர் பட்டியலில் சேர்ந்த பிறகும், திருப்பூரிலேயே பிறந்து வளர்ந்த பலர் அதைப் பார்த்ததில்லை. வலசைப் பறவைகள் வந்து இறங்குவதும், நல்லாற்றில் தண்ணீர் வந்து குளம் நிறைவதும் ஐப்பசி கார்த்திகையில்தான். வெயில் காலத்துக்குத் தள்ளிப்போட்டால் பாதை காய்ந்திருக்கும், ஆனால் பார்க்கப் போகும் பறவைகள் கிளம்பிவிட்டிருக்கும்.

எங்களுக்குள் கருத்து இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. சென்ற கார்த்திகையில் எங்களில் ஒருவர், தூறலில் வேகத்தடையின் மேல் பூசியிருந்த வெள்ளைப் பட்டையில் பிரேக் பிடித்துச் சறுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அதனால் பாதிப் பேர் தை பிறக்கட்டும் என்கிறார்கள். வருபவர்களில் பலர் பழைய கம்பி பிரேக் (கேபிள் இல்லாமல் இரும்புக் கம்பியால் இயங்கும்) வண்டிகளிலும், பதினோராம் வகுப்பில் பிள்ளைகளுக்கு அரசு வழங்கிய விலையில்லா மிதிவண்டிகளிலும் வருவார்கள் என்பதையும் நினைவில் வைத்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று என் சொந்தக் கேள்வி. வீட்டிலிருந்து வேலைக்கு 9 கிலோமீட்டர். ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி பிறந்ததும் வண்டியைச் சாக்கு போட்டு மூடிவிட்டு, பொங்கல் வரை மொபெட்டில் போகிறேன். இந்த ஆண்டு அப்படிச் செய்ய மனம் வரவில்லை.


வாலாங்குளம் (கோவை) எழுதியது:

வணக்கம் நண்பரே. கோவையில் சில ஆண்டுகளாக இத்தகைய காலைப் பயணங்களுக்கு வழி பார்த்துக் கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: தைக்குத் தள்ள வேண்டாம், ஐப்பசியிலேயே வையுங்கள்.

காரணம், நம் பகுதியின் மழைக்காலம் முழுவதும் ஒரே தன்மை உடையதன்று. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 ஐ ஒட்டித் தொடங்கும். அந்தத் தொடக்க வாரங்களில் பெரும்பாலும் காலையில் வானம் வெளுத்திருக்கும், நண்பகல் வரை புழுங்கும், மூன்று மணிக்கு மேல் மேகம் திரண்டு மாலையிலும் முன்னிரவிலும் இடியோடு கொட்டித் தீர்க்கும். ஆகவே ஐந்தே முக்காலுக்குப் புறப்பட்டு ஒன்பதரைக்குள் வீடு திரும்பும் பயணம் நனையாமலே முடிவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. கார்த்திகை வேறு மாதிரி. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகிவிட்டால் இரண்டு மூன்று நாள் விடாமல் பிசுபிசுக்கும், காலை என்றும் மாலை என்றும் பார்க்காது. அந்த மழை பொதுவாக மின்னல் குறைந்தது என்பதால் ஆளை அச்சுறுத்தாது என்றாலும், பிள்ளைகளை அழைத்துச் செல்ல ஏற்றதன்று.

காற்றும் உங்களுக்குச் சாதகம். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்றில், ஊத்துக்குளி பக்கம் போகும்போது பறந்துவிட்டுத் திரும்பும்போது நாக்குத் தள்ளும். மழைக்காலத்தில் வீசுவது கிழக்கிலிருந்து வரும் கீழ்காற்று. போகும்போது உடலில் தெம்பு இருக்கையில் எதிரே நிற்கும், களைத்துத் திரும்புகையில் முதுகைத் தள்ளும். புதிதாக வருபவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

நீங்கள் அஞ்ச வேண்டியது மழைக்கு அன்று, மின்னலுக்கும் தேங்கிய தண்ணீருக்கும். மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். இடியோசை ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ மூன்று நொடி ஆகும். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால், அது பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று பொருள். உடனே எல்லோரும் உறுதியான கட்டடத்துக்குள் போய்விட வேண்டும், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழியும் வரை வெளியே வரக்கூடாது. குளக்கரை வெட்டவெளி. அங்கே நிற்பதும் ஆகாது, பக்கத்துத் தென்னந்தோப்புக்குள் ஒதுங்குவதும் ஆகாது. எனவே வழியில் ஒதுங்கத்தக்க கல்யாண மண்டபம், பள்ளிக்கூடம், கடைவீதி ஆகியவற்றை முன்னரே குறித்து வைத்து, ஒவ்வொரு குழுவின் தலைவரிடமும் அந்தப் பட்டியலைக் கொடுத்துவிடுங்கள்.

தேங்கிய தண்ணீரைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. லங்கா கார்னரிலும் அவினாசி சாலை மேம்பாலத்தின் அடியிலும் ஒரு மணி நேர மழையில் என்ன ஆகும் என்பதைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். முந்தைய நாள் மாலையில் இருவர் வழி முழுவதும் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். ரயில் பாதைக்கு அடியில் போகும் பாலம், நொய்யல் தரைப்பாலம், பள்ளத்தின் குறுக்கே தாழ்வாகப் போட்ட பாலம் ஆகியவற்றில் தண்ணீர் ஓடினால், ஆழம் எவ்வளவு என்று ஆராயாமல் மாற்று வழி பார்க்கவும். ஓடும் தண்ணீருக்கு அடியில் பாலம் இருக்கிறதா, அடித்துக்கொண்டு போய்விட்டதா என்பது மேலே நிற்பவருக்குத் தெரியாது. வானிலை ஆய்வு மையம் உங்கள் மாவட்டத்துக்கு ஆரஞ்சு எச்சரிக்கை விடுத்திருந்தால் முந்தைய இரவே ஒத்திவையுங்கள். மஞ்சள் என்றால் காலை ஐந்து மணிக்கு வானத்தைப் பார்த்து ஒருவர் மட்டும் முடிவெடுக்க வேண்டும். நாற்பது பேர் கூடி முடிவெடுக்கும் பழக்கம் வந்துவிட்டால், வந்துவிட்டோமே என்ற ஒரே காரணத்துக்காகப் புறப்பட்டுவிடுவீர்கள்.


கோட்டம் (ஈரோடு) எழுதியது:

நாள் குறிப்பதை மேலே உள்ளவர் சொல்லிவிட்டார். நான் வண்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அப்பா காலத்திலிருந்து சைக்கிள் கடை வைத்திருக்கிறோம். வளைந்த சக்கரங்களைக் கோட்டம் எடுத்து நேராக்கியே விரல்கள் கோணியதால் இந்தப் பெயர்.

அந்த அண்ணன் மணிக்கட்டை முறித்துக்கொண்டதற்கு வெள்ளைப் பட்டையைப் பாதிக் காரணம் என்று வைத்துக்கொண்டாலும், மீதிப் பாதி அதன் மேலே பிரேக் பிடித்தது. ஈரமான வெள்ளைப் பட்டை, சாக்கடை மூடி, ரயில் தண்டவாளம், பாலத்து இரும்பு இணைப்பு இவற்றின் மேலே போகும்போது பிரேக்கும் பிடிக்கக் கூடாது, ஹேண்டில்பாரையும் திருப்பக் கூடாது. வேகத்தை அதற்கு முன்பே குறைத்துவிட்டு நேராக உருண்டு போய்விட வேண்டும். தண்டவாளத்தைச் சாய்வாக இல்லாமல் நேர்குறுக்காக மட்டுமே கடக்க வேண்டும். நெடுநாள் வெயிலுக்குப் பிறகு வரும் முதல் மழையின் முதல் அரை மணி நேரத்தில் எச்சரிக்கை கூடுதலாகத் தேவை. சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் கலந்து சோப்பு நுரை போல வழுக்கும். நன்றாகக் கொட்டிக் கழுவிவிட்டால் அதன்பின் அவ்வளவு மோசமில்லை.

கம்பி பிரேக் வண்டிகளுக்கு வருகிறேன். அவற்றின் ரிம் குரோமியம் பூசிய இரும்பு. அது நனைந்துவிட்டால் பிரேக் கட்டை பற்றுவதே இல்லை. காய்ந்த சாலையில் நிற்கும் தூரத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஓடும், அலுமினிய ரிம் அவ்வளவு மோசம் செய்யாது. இதற்குக் கட்டையை மாற்றுவது பாதி மருந்துதான், ஓட்டும் முறையை மாற்ற வேண்டும். நிறுத்த வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே பிரேக்கை மெல்லத் தொட்டபடி இரண்டு மூன்று சுற்று ஓடவிட்டால், கட்டை ரிம்மில் உள்ள தண்ணீரை வழித்துவிடும், பிறகு அழுத்தினால் பிடிக்கும். பிள்ளைகளுக்கு இதை வாயால் சொன்னால் ஏறாது. மைதானத்தில் ரிம்மின் மேல் ஒரு குடம் தண்ணீரை ஊற்றி ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், ஒரே நாளில் கற்றுக்கொள்வார்கள். தேய்ந்து வழவழப்பான கட்டைகளையும், உள்ளே மணலும் உலோகத் துகளும் பதிந்த கட்டைகளையும் தூக்கி எறியுங்கள். கட்டையில் பதிந்த மணல் ரிம்மை அறுத்துவிடும்.

டயரில் கோடு கோடாக வெட்டு இருந்தால்தான் மழையில் பிடிக்கும் என்று கடைக்கு வருபவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். காருக்கு அது சரி. சைக்கிள் டயர் குறுகலாக உருண்டிருப்பதால் தார்ச்சாலையில் தண்ணீரைத் தானே விலக்கிவிடும், வெட்டைவிட ரப்பரின் தரமும் காற்றின் அளவும் முக்கியம். வழக்கமாக வைப்பதைவிடக் கொஞ்சம் குறைத்துக் காற்று வைத்தால் பிடிப்புக் கூடும். பஞ்சருக்கு மட்டும் ஆயத்தமாக இருங்கள். மழைத்தண்ணீர் வேலி ஓரத்து முள்ளையெல்லாம் அடித்துவந்து சாலையில் போடும், ஈரமான ரப்பரில் முள் எளிதாக இறங்கும். வேலாமுள்ளும் கிளுவைமுள்ளும் நம் நாட்டில் எங்கும் உண்டு. நாற்பது வண்டிக்கு ஆறு பஞ்சராவது ஆகும் என்று வைத்துக்கொண்டு, சாமான் உள்ள ஒருவரைக் கடைசி ஆளாக வரவிடுங்கள்.

செயினுக்கு ஓர் அளவு சொல்கிறேன். ஓர் ஆணியின் நடுவில் இரும்பு அளவுகோலின் தொடக்கத்தை வைத்தால், 24 கண்ணி தள்ளி இருக்கும் ஆணி சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். 1/16 அங்குலம் தாண்டியிருந்தால் செயினை மாற்றுங்கள். 1/8 தாண்டியிருந்தால் பின்பல்லும் சேர்ந்து தேய்ந்திருக்கும், புதுச் செயின் போட்டாலும் நழுவும். மழையில் தினமும் ஓட்டுகிற வண்டிக்கு வாரம் ஒருமுறை துணியால் துடைத்து, கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கால் மணி நேரம் கழித்து மேலே நிற்கும் எண்ணெயை முழுவதும் துடைத்துவிட வேண்டும். வேலை செய்வது கண்ணிக்குள் போன எண்ணெய்தான், மேலே நிற்பது மண்ணைத்தான் சேர்க்கும்.

வாட்டர் சர்வீஸில் கொடுத்துப் பீய்ச்சி அடிக்காதீர்கள். அந்த வேகத்தில் தண்ணீர் சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்புக்குள்ளும் பெடல் அச்சுக்குள்ளும் புகுந்து கிரீஸைக் கழுவிவிடும். ஹப் முழுகும் அளவு தண்ணீரில் வண்டி இறங்கியிருந்தால், அந்த வாரமே பிரித்து உள்ளே இருக்கும் பால்ஸைத் (இரும்புக் குண்டுகளை) துடைத்துப் புதுக் கிரீஸ் வைக்க வேண்டும். விட்டுவிட்டால் தை மாதம் அந்தக் குண்டுகள் உருளும் கோனும் கப்பும் சேர்ந்து போய், மரம் அறுப்பது போல ஒரு சத்தத்தோடு கடைக்கு வரும். என் வருமானத்தில் நல்ல பங்கு அந்தச் சத்தத்திலிருந்து வருகிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.


கீழ்பவானிக்கரை (கோபி) எழுதியது:

பனியன்நூல் அண்ணா, உங்கள் இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். நான் நாள்தோறும் வாய்க்கால் ஓரமாக 6 கிலோமீட்டர் வேலைக்குப் போகிறேன், மழைக்காகத் தனியாக வண்டி மாற்றுவதில்லை.

முதலில் நனைவதைப் பற்றிய எண்ணத்தை மாற்றிக்கொள்ளுங்கள். இங்கே மார்கழிக் குளிர் என்றாலும் மூச்சு உறைவதில்லை. கெட்டியான மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு மிதித்தால், வெளியே நனையாமல் உள்ளே வியர்வையில் ஊறித்தான் போய்ச் சேருவீர்கள். கோணிச்சாக்கைக் கொங்காணியாக (தலையையும் முதுகையும் மூடும்படி) போட்டுக்கொண்டு களை எடுத்த என் அப்பத்தா இந்தச் சங்கடத்தை அறியவில்லை, சாக்கு காற்றை உள்ளே விட்டது. தூறலுக்கு நான் மெல்லிய மேற்சட்டை மட்டும் போட்டுக்கொள்கிறேன். கொட்டும் மழைக்கு நின்றுவிடுகிறேன், இருபது நிமிடத்தில் விட்டுவிடும். மாற்று உடையும் துண்டும் பாலிதீன் பையில் கட்டிக் கேரியரில் இருக்கும். அலுவலகத்தில் ஒரு ஜோடி செருப்பு எப்போதும் கிடக்கும்.

மட்கார்டு இல்லாத வண்டியில் மழையில் போவது வீண். மேலிருந்து வரும் தண்ணீர் சுத்தமானது, பின்சக்கரம் முதுகில் எறிவது சாணியும் சேறும் கலந்தது. கண்ணாடி அணிபவரானால் தலைக்கவசத்துக்கு அடியில் முன்பக்கம் நீண்ட துணித்தொப்பி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள், கண்ணாடியில் துளி படிவது பாதியாகக் குறையும். பெண்கள் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும், நனைந்த துணி கனத்துப்போய்ச் செயினுக்குள் எளிதாகப் போகும். ஒரு கையில் குடையோடு ஓட்டும் பழக்கத்தை மட்டும் யாருக்கும் அனுமதிக்காதீர்கள்.

பகலிலும் பின்விளக்கை எரியவிடுங்கள். மழையில் லாரி ஓட்டுநரின் கண்ணாடி மங்கியிருக்கும். நமக்கு அவர் தெரிகிறார் என்பதால் அவருக்கும் நாம் தெரிகிறோம் என்று நினைத்துக்கொள்வதுதான் ஆபத்து.


வெண்ணெயூரான் (ஊத்துக்குளி) எழுதியது:

நீங்கள் வரப்போவது எங்கள் பக்கம் என்பதால் சில தடைகளைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தவறாக எண்ண வேண்டாம்.

சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் நடந்த ஒரு மிதிவண்டி நிகழ்ச்சிக்குப் பணம் கட்டிப் போயிருந்தேன். மழை பிடித்ததும் மேடை போட்டவர்கள் கலைந்துபோனார்கள். வழியில் நின்ற எங்களுக்குத் தகவல் சொல்லக்கூட ஆள் இல்லை. பத்து வயதுப் பெண் குழந்தை ஒன்று பெட்டிக்கடை ஓரமாக ஒன்றரை மணி நேரம் நடுங்கிக்கொண்டு நின்றாள். ஊர் மக்களை அழைப்பது எளிது, அழைத்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணித் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது எளிதன்று. ஆகவே புறப்படும்போது பெயர் எழுதி, திரும்பும்போது அதே தாளில் கோடு போடுங்கள். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களைப் பெற்றோர் இல்லாமல் சேர்க்காதீர்கள். பின்னால் ஒரு சிறு சரக்கு வண்டி வரட்டும். முடியாதவர்களையும் முடியாத வண்டிகளையும் அதில் ஏற்றிவிடலாம்.

அடுத்து, அது பறவைகள் சரணாலயம். வனத்துறையிடம் முன்கூட்டிச் சொல்லி அனுமதி பெற வேண்டும். நூறு பேர் மணியடித்துக்கொண்டு கரைமேல் வரிசையாகப் போனால் குளத்தில் ஒரு பறவையும் இராது. வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டுப் பத்துப் பத்துப் பேராக நடந்து போவதே முறை. ஒலிபெருக்கி வேண்டவே வேண்டாம்.

குறுக்கு வழி என்று இட்டேரிக்குள் இறங்கிவிடாதீர்கள். வெயில் காலத்தில் இரண்டு பக்கமும் கிளுவை வேலியோடு அருமையான தடம்தான், மழை பெய்துவிட்டால் சேறு மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே அப்பிக்கொண்டு சக்கரமே சுற்றாது. வண்டி உங்களைத் தூக்கிப் போக வந்தது, நீங்கள் வண்டியைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள்.

நாள் பற்றி ஒரு யோசனை உண்டு. தீபாவளிக்கு அடுத்த ஞாயிறைப் பாருங்கள். வெளியூர்த் தொழிலாளர்கள் ஊருக்குப் போயிருப்பார்கள், கம்பெனிகள் பெரும்பாலும் திறந்திருக்கமாட்டா, சரக்கு வண்டி குறைவு. ஆண்டில் திருப்பூர்ச் சாலைகள் மூச்சுவிடுவது அந்த வாரத்தில்தான்.


இருநூறு (கோவை) எழுதியது:

வெண்ணெயூரான் சொன்ன தாள் கணக்கை நானும் வலியுறுத்துகிறேன். பிரான்சின் ஓடாக்ஸ் கழக விதிப்படி நடக்கும் பிரவே என்ற நெடுந்தூர மிதிவண்டிப் பயணங்களில், 200 கிலோமீட்டரை 13.5 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அதில் போட்டி இல்லை, பரிசு வரிசையும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் அட்டையில் நேரம் பதிவாகும் என்பதால், யார் எங்கே தங்கிவிட்டார் என்பது தெரிந்துவிடும். இருட்டில் முன்விளக்கும் பின்விளக்கும் ஒளி திருப்பும் மேலாடையும் இல்லாதவரை ஓட்ட விடுவதில்லை. உங்கள் 22 கிலோமீட்டருக்கு இவ்வளவு கெடுபிடி தேவையில்லை. ஆனால் பாதி வழியிலும் குளக்கரையிலும் இருவர் தாளோடு நிற்கட்டும். மழையில் நனைந்தவர்கள் தாகம் தெரியாமல் தண்ணீர் குடிக்க மறந்துவிடுவார்கள் என்பதால், அவர்கள் கையில் சுக்குக் காப்பியும் கடலை உருண்டையும் இருந்தால் நல்லது.


பனியன்நூல் (திருப்பூர்) எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை கூடிப் பேசினோம். தீபாவளிக்கு அடுத்த ஞாயிறு என்று முடிவாகியிருக்கிறது. ஆரஞ்சு எச்சரிக்கை வந்தால் அதற்கு அடுத்த ஞாயிறு, அன்றும் வந்தால் இந்த ஆண்டு இல்லை. காலை ஐந்து மணி முடிவை ஓய்வுபெற்ற தபால்காரரிடம் ஒப்படைத்துவிட்டோம். முப்பத்து நான்கு ஆண்டுகள் மழையில் தபால் கொண்டுபோனவர் சொன்னால் யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள். எழுபது பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. வனத்துறை அலுவலகத்துக்குத் திங்களன்று கடிதத்தோடு போகிறோம். மணிக்கட்டு முறிந்தவரும் வருகிறார், ஆனால் சரக்கு வண்டியில் பெயர்த்தாளோடு உட்காருவேன் என்கிறார்.

என் வண்டியின் செயினை அளந்து பார்த்தேன். 1/8 அங்குலத்தைத் தாண்டி நிற்கிறது. கோட்டம் அண்ணா, முந்தைய ஞாயிறு எங்கள் மைதானத்துக்கு வந்து எல்லா வண்டிகளின் பிரேக்கையும் பார்த்துக் கொடுக்க இயலுமா? குடமும் தண்ணீரும் நாங்கள் ஏற்பாடு செய்துவிடுகிறோம்.


கோட்டம் (ஈரோடு) எழுதியது:

வருகிறேன். பிரேக் கட்டை இரண்டு பெட்டி, வால்வு டியூப், கிரீஸ் ஆகியவற்றை எடுத்துவருகிறேன், அசல் விலை கொடுத்தால் போதும். செயின் கழுவ மண்ணெண்ணெய் மட்டும் உங்கள் பக்கம் யாரிடமாவது இருந்தால் எடுத்து வையுங்கள், இங்கே அது கிடைத்து வெகு நாளாயிற்று. கிடைக்காவிட்டால் டீசல் போதும்.